சங்கு நடந்து வரும் தூரம்

வில்லியனூரில் சுப்பராயலுவின் கரும்புத் தோட்டத்துக்கு இந்தக் கோடியில் ஒரு பெட்டி, அந்தக் கோடியில் ஒரு பெட்டி. இரண்டையும் கொண்டுவந்து வைத்தவர் புதுச்சேரியில் பாடம் நடத்தும் முசே லூனேல் என்ற பிரெஞ்சுக்காரர். பெட்டிக்குள் பித்தளைக் குழாய்கள், பாட்டரிகள், ஒரு சின்ன மணி. சும்மாவே கிடக்கும். திடீரென்று யாரும் தொடாமல் மணி ‘ணிங்’ என்று அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். முதல் நாள் அது அடித்தபோது தோட்டத்தில் கரும்பின் காய்ந்த சோகை உரித்துக்கொண்டிருந்த பெண்கள் அரிவாளைப் போட்டுவிட்டு வரப்பில் ஓடிய ஓட்டத்தில் ஒருத்தியின் கொலுசு கழன்று காவாயில் விழுந்தது, இன்னும் கிடைக்கவில்லை.

யுத்தம் வருமா வராதா என்று புதுச்சேரிக் கடைத்தெருவில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. லூனேல் துரைக்கு யுத்தம் பற்றிக் கவலையில்லை. அவர் கவலையெல்லாம் வானத்தைப் பற்றி. அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் மழை மாதிரி ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கின்றனவாம். ஒரு துகள் மேலே காற்றில் மோதிச் சிதறினால், அது சாரலாகப் பரவித் தரையில் இறங்குமாம். அந்தச் சாரல் எவ்வளவு அகலத்துக்கு விழுகிறது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். இந்தக் கோடி மணியும் அந்தக் கோடி மணியும் ஒரே கணத்தில் அடித்தால் ஒரே சாரல். முன்னே பின்னே அடித்தால் வேறு வேறு.

இரண்டு பெட்டிக்கும் நடுவே கம்பி இழுத்துவிட்டால் வேலை சுலபம். சுப்பராயலு ஒத்துக்கொள்ளவில்லை. “கரும்புக்குள்ள கம்பி இழுத்தா வெட்ட வர்ற ஆளு காலு மாட்டிக்கும். அப்புறம் அவன் காலுக்கு நான் பதில் சொல்லணும்” என்றுவிட்டார். ஆகவே கம்பிக்குப் பதிலாக இரண்டு மனிதர்கள், ஆளுக்கு ஒரு கடிகாரம். மணி அடித்ததும் மணி, நிமிஷம், விநாடி பார்த்துக் காகிதத்தில் எழுத வேண்டும்.

புளியமரத்தடிப் பெட்டிக்கு வேதபுரி. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன், லூனேல் துரைக்கு உதவியாள். ஆற்றோரப் பெட்டிக்கு வேறு ஆள் தேடினார்கள். “என் நெலத்துல விழற மழைய நான் எண்ணாம எவன் எண்ணுவான்?” என்று சுப்பராயலுவே துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சுப்பராயலு வேதபுரியின் தாய்மாமன். மாமன் மகள் தனக்கொடிக்கும் வேதபுரிக்கும் பரிசம் போட்டாகிவிட்டது, வைகாசியில் கல்யாணம். அதனால்தான் வேதபுரி பொழுது சாய்ந்ததும் சைக்கிளை மிதித்து, புதுச்சேரிப் பக்கம் ரெட்டியார்பாளையத்தில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விடுவான். பரிசம் போட்ட மாப்பிள்ளை தாலி கட்டும் வரை பெண் வீட்டில் ராத்தங்கக் கூடாது என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். லூனேல் துரைக்கு மட்டும் தெரியாது. மாமன் வீடு பக்கத்திலேயே இருக்கும்போது பையன் அங்கேதான் படுத்து எழுந்திருப்பான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

கடிகாரத்துக்கு அவர் ஒரே ஒரு விதிதான் வைத்திருந்தார். தினமும் காலை ஆறு மணிக்குப் புதுச்சேரி ஆலைச் சங்கு ஊதும். அந்தச் சத்தம் கேட்டதும் முள்ளைச் சரியாக ஆறில் வைத்துக்கொள்ள வேண்டும். மாடு அவிழ்ப்பதிலிருந்து உலை வைப்பது வரை ஊரே அந்தச் சங்கை நம்பித்தான் நடந்தது. ரெட்டியார்பாளையத்தில் வேதபுரி சங்கு கேட்டு முள்ளை வைத்தான். வில்லியனூரில் மாமனும் அப்படியே வைத்தார். அப்புறம் இவன் கடிகாரத்தோடு சைக்கிள் ஏறி வேலைக்கு வந்தான்.

ஒரு வியாழக்கிழமை, பள்ளிக்கூட விடுமுறை நாள், லூனேல் துரை காரில் வந்து இறங்கினார். இரண்டு பேர் எழுதிய காகிதங்களையும் புளியமரத்தடியில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. பிரெஞ்சில் ஏதோ கேட்டார். வேதபுரிக்குக் காது மடல் சூடேறிவிட்டது.

“இன்னாடா சொல்றாரு?” என்றார் சுப்பராயலு.

“ஒண்ணுமில்ல மாமா. ரெண்டு பேரு கணக்கும் ஒத்து வரலியாம்.”

“அவ்ளோதானா? தொர்மீர்னு ஒரு வார்த்த வந்துச்சே. டேய், நான் சைகோன்ல பட்டாளத்துல இருந்துட்டு வந்தவன்டா. காவல்ல நிக்கறவன் தொர்மீர்னா ரெண்டு நாள் சிறை. யாரு தூங்கினதாம்?”

வேதபுரி தன் காகிதத்தைக் காட்டினான். “நான்தானாம்.”

“தூங்கினியா?”

“இல்ல மாமா! கண்ண மூடவே இல்ல!”

சுப்பராயலு காகிதங்களை இழுத்து விரலை வைத்தார். “தோ பாரு. நான் எழுதறேன். ஒரு வெத்தல மடிச்சு வாயில போட்டுக்கற நேரம் கழிச்சு நீ எழுதறே. மறுபடியும் நான். மறுபடியும் ஒரு வெத்தல. ஒரு தடவையாச்சும் என்னிய முந்தினியா நீ?”

உண்மைதான். எந்த வரியைப் பார்த்தாலும் அப்படியே இருந்தது. லூனேல் துரை தோளைக் குலுக்கினார். அடுத்த வியாழக்கிழமையும் இப்படியே இருந்தால் பெட்டிகளைப் பாகூர்ப் பக்கம் கொண்டுபோய்விடுவதாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். வேதபுரி அதையும் தானே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

கார் புழுதி அடங்குவதற்குள் சுப்பராயலு தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“காதுல கேட்டது கைக்கு வந்து சேர ஒரு வெத்தல நேரம் ஆவுதுன்னா, இவன நம்பி நான் எம்பொண்ண எப்பிடிக் குடுக்கறது? வூடு பத்திக்கினா கூட ஒரு வெத்தல போட்டுட்டுத்தான் எழுந்திருப்பான். வைகாசியும் கெடையாது, ஆனியும் கெடையாது. கல்யாணம் இல்ல. போடா!”

வேதபுரி இயல்பிலேயே பயந்த சுபாவம். சைக்கிளைப் பூட்டிவிட்டு நாலடி போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து பார்க்கிறவன். மாமன் சொன்னதைக் கேட்டதும் அவனுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை தூங்கித்தான் போயிருப்போமோ? தூங்குகிறவனுக்குத் தான் தூங்குவது எப்படித் தெரியும்? தொடையைக் கிள்ளிப் பார்த்தான். வலித்தது. ஆனால் இப்போது விழித்திருக்கிறோம் என்பதற்குத்தான் அது சாட்சி. போன வாரத்துக்கு ஆகாது. தனக்கொடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு மரத்தையொட்டிய வீட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள் என்பது அதைவிட வலித்தது.

சைக்கிளை எடுக்கப் போனான். பின் சக்கரத்தில் கருவேலமுள் ஏறி, காற்று மொத்தமும் இறங்கிக் கிடந்தது.

“இருட்டப் போவுது, எப்பிடிப் போவான் புள்ள?” என்றாள் அத்தை விருத்தாம்பாள். “இங்கியே படுத்துக்கினு காலையில பாத்துக்கட்டும்.”

“இன்னாடி பேசறே? மாப்ள பொண்ணு வூட்டுல ராத்தங்கறதா?”

“யாரு மாப்ள? நீங்கதான் கல்யாணம் இல்லன்னுட்டீங்களே. அப்ப இவன் யாரு? எங்க நாத்தனாரு புள்ள. நாத்தனாரு புள்ள எங்கூட்ல படுக்கறதுக்கு எவன் கிட்ட கேக்கணும்?”

சுப்பராயலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பட்டாளத்தில் இதற்கு விடை சொல்லித் தந்திருக்கவில்லை. உள்ளேயிருந்து தனக்கொடியின் குரல் மட்டும் வந்தது. “அம்மா, தூங்கறதுக்கின்னே பொறந்தவங்களுக்கு நம்ம கோரப்பாய் போதுமா, மெத்த தெக்கணுமா?”

சோற்றில் கருவாடு மட்டும் இரண்டு துண்டு அதிகமாக இருந்தது. வேதபுரி அதைக் கவனித்து, அந்த நிலைமையிலும் கொஞ்சம் சந்தோஷப்பட்டான்.

வெள்ளிக்கிழமை காலை வில்லியனூரிலேயே சங்கு கேட்டது. வேதபுரி கடிகாரத்தைப் பார்த்தான். முள் ஆறைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருந்தது. ஒரே நாளில் இவ்வளவு முந்திவிட்டதே என்று கடிகாரத்தை மனசுக்குள் திட்டிக்கொண்டே முள்ளைப் பின்னுக்கு இழுத்து ஆறில் வைத்தான். அன்றைக்குப் பகல் முழுக்கப் புளியமரத்தடியில் உட்காரவேயில்லை, நின்றுகொண்டே இருந்தான். மணி அடித்தபோதெல்லாம் எழுதினான்.

பொழுது சாயும் நேரம் இரண்டு காகிதத்தையும் சேர்த்து வைத்தார்கள். ஒத்துப் போயிற்று. ஒரு வரி, இரண்டு வரியல்ல. இரண்டு கோடியிலும் சேர்ந்தடித்த அத்தனையும் விநாடி பிசகாமல் ஒத்துப் போயிற்று.

வேதபுரி முகம் மலர்ந்து, “மாமா!” என்றான்.

“இன்னா மாமா? இப்பதான் நல்லாத் தெரிஞ்சு போச்சு. எம்பார்வையில இருந்தே, எங்கூட்டுக் கஞ்சி குடிச்சே, சுறுசுறுப்பா இருந்தே. அப்ப நேத்து வரைக்கும் தூங்கினது வாஸ்தவந்தானே?”

வேதபுரிக்கு அழுகை வரும் போலாகிவிட்டது. தப்பாக எழுதினாலும் தூங்குமூஞ்சி, சரியாக எழுதினாலும் தூங்குமூஞ்சி. முகம் கழுவிவிட்டுப் போகலாம் என்று ஆற்றுப் பக்கம் இறங்கினான்.

மாசி மாதத்துச் சங்கராபரணியில் தண்ணீர் அக்கரையோரமாக ஒதுங்கி ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் அகலமாக வெறும் மணல். அந்தப் பக்கத் தண்ணீரில் ஒரு கல்லின் மேல் தனக்கொடி துணி அடித்துக்கொண்டிருந்தாள். அவன் இங்கிருந்தே பார்த்துக்கொண்டு நின்றான். கையை ஓங்குகிறாள். துணி கல்லில் விழுகிறது. சத்தமே இல்லை. துணி மறுபடியும் தலைக்கு மேல் போகிறது. அப்போது கேட்கிறது, ‘தொப்’ என்று.

முதலில் அவன் யோசிக்கவில்லை. அவள் கோபமாக அடிக்கிறாளா, சாதாரணமாக அடிக்கிறாளா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தான். நாலாவது அடிக்குத்தான் உறைத்தது. அடி விழுந்தது ஒரு நேரம்; அது தன் காதுக்கு வந்தது வேறு நேரம். இந்த மணலைத் தாண்டி வரவே அந்தச் சத்தத்துக்கு இவ்வளவு நேரம் பிடிக்கிறது என்றால், புதுச்சேரியிலிருந்து ரெட்டியார்பாளையத்துக்கு? அங்கிருந்து வில்லியனூருக்கு?

மணலில் ஓட ஆரம்பித்தான். ஒரு செருப்பு கழன்று பின்னாலேயே தங்கிவிட்டது.

“வயசுப் பொண்ணு துணி அடிக்கறதப் பாத்துக்கினு நிக்கறதுக்கு வெக்கமா இல்ல?” என்றாள் தனக்கொடி, நிமிராமலே.

“சங்கு நடந்து வருது!” என்றான் வேதபுரி மூச்சிரைக்க.

அவள் நிமிர்ந்தாள். “நைனா ஏசினதுல நெஜமாவே ஏதோ ஆயிடுச்சு.”

“இல்ல, கேளு. சங்கு ஒரு தடவதான் ஊதுது. ஆனா சத்தம் நடந்துதான் வருது. எங்கூட்டுக்கு மொதல்ல வருது. நான் ஆறுன்னு வச்சுக்கறேன். அப்புறம் வயலு, வரப்பு எல்லாம் தாண்டி உங்கூட்டுக்கு வந்து சேருது. மாமா அப்பதான் ஆறுன்னு வைக்கறாரு. அந்த நடைக்கு ஒரு வெத்தல நேரம். அப்ப என் கடியாரம் எப்பவும் அவரு கடியாரத்துக்கு ஒரு வெத்தல முன்னால ஓடும். மணி ஒரே நேரத்துல அடிச்சாலும் நான் லேட்டா எழுதின மாதிரிதான் தெரியும்! நான் தூங்கவே இல்ல!”

தனக்கொடி துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள். “இத எங்கிட்ட ஏன் சொல்றீங்க? நான் எப்பவாச்சும் தூங்கினீங்கன்னு சொன்னனா?”

“மெத்த தெக்கணுமான்னு கேட்டியே.”

“அது சும்மா கேட்டது. போயி நைனாகிட்ட சொல்லுங்க. செருப்ப எடுத்துக்கினு போங்க.”

சுப்பராயலு எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தார்.

“சத்தம் பின்னாடி வரும்னு எனக்குத் தெரியாதா? சைகோன்ல பீரங்கி வெடிச்சா மொதல்ல பொகை தெரியும், அப்புறந்தான் சத்தம் கேக்கும்.”

“அதுதான் மாமா நானும் சொல்றேன்!”

“அது பீரங்கிடா. இது சங்கு.”

“ரெண்டும் சத்தந்தானே!”

“பீரங்கிச் சத்தம் குண்டோட சேந்து வருது, பாரம். சங்குக்கு இன்னா பாரம்? வெறுங்காத்து.”

வேதபுரிக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. “சரி மாமா. நான் தூங்குமூஞ்சின்னே வச்சுக்குங்க. தூங்கறவன் ஒரு நாளைக்கு ரவ தூங்குவான், ஒரு நாளைக்கு நெறைய தூங்குவான். தெனமும், ஒவ்வொரு மணிக்கும், அளவெடுத்த மாதிரி ஒரே ஒரு வெத்தல நேரம் எவனாச்சும் தூங்குவானா?”

சுப்பராயலுவின் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது. விருத்தாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வண்டியப் பூட்டு” என்றார் கடைசியில். “ரெண்டு கடியாரமும் இன்னிக்கு இங்கதானே வச்சது? எங்க அக்கா வூட்டுக்குப் போயே காதால கேட்டுப்புடறேன்.”

அன்றிரவே மாட்டு வண்டியில் ரெட்டியார்பாளையம் போய்ச் சேர்ந்தார்கள். வேதபுரியின் அம்மா தையலம்மாள் தம்பியை வாசலிலேயே நிறுத்தி வைத்துவிட்டாள். கல்யாணம் நின்ற சேதி இவர்கள் வண்டி வருவதற்கு முன்பே எப்படியோ வந்து சேர்ந்திருந்தது.

“தூங்குமூஞ்சியப் பெத்தவ வூட்டுல தண்ணி குடிக்கலாமாடா தம்பி? பட்டாளத்துக்காரனுக்கு ஒத்துக்குமா?”

“சும்மா இருக்கா. காலையில பேசிக்கலாம்.”

“நீ தொட்டில்ல கெடந்தப்ப எவ்ளோ தூங்கினேன்னு எனக்குத்தாண்டா தெரியும்.”

சனிக்கிழமை காலை சுப்பராயலு தெருவில் நின்றார். வலது கையில் தன் கடிகாரம், இடது கையில் வேதபுரியின் கடிகாரம். இரண்டு முள்ளும் ஒன்றாகவே ஆறை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. இன்னும் ஆறு ஆகவில்லை. வேதபுரி கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் நின்றான். சொன்னது தப்பாக இருந்துவிட்டால்? இன்றைக்கென்று ஆலைக்காரன் தாமதமாக ஊதிவிட்டால்?

சங்கு ஊதியது.

சுப்பராயலு இரண்டு கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முள் இரண்டுமே ஆறைத் தொடவில்லை. மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தார். காம்பு கிள்ளினார். சுண்ணாம்பு தடவினார். பாக்கு வைத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டார். அப்புறம் குனிந்து பார்த்தார். முள் இரண்டும் அப்போதுதான் ஆறில் வந்து நின்றன.

வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கினார்.

“இப்ப நம்ம வூட்டுல வந்து சேந்திருக்கும்” என்றார் மெதுவாக, மேற்கே பார்த்துக்கொண்டு.

“ஆமாம் மாமா.”

“அப்ப எதுடா சரியான ஆறு மணி? உன்னுதா, என்னுதா?”

“ரெண்டும் இல்ல மாமா. சங்குக்குப் பக்கத்துல நிக்கறானே, அவனுது.”

“அடப் பாவி” என்றார் சுப்பராயலு. யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. ஆலைக்காரனையாக இருக்கலாம். பிறகு உள்ளே பார்த்து, “அக்கா, காப்பித்தண்ணி இருந்தா குடு. மாப்ளைக்கும் சேத்து” என்றார். அந்த ஒரு வார்த்தையில் வேதபுரிக்குக் கால் தரையில் பாவவில்லை. தையலம்மாள் தம்பிக்கு மட்டும் சர்க்கரை போடாமல் கொண்டுவந்து கொடுத்தாள். அவரும் அப்படியே குடித்தார்.

அடுத்த வியாழக்கிழமை லூனேல் துரை வந்தபோது வேதபுரி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். அவர் கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தார். பிறகு தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சத்தத்தின் வேகத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவர் அவர். “நீ எங்கே தூங்குகிறாய் என்று நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்” என்றார். வேதபுரி இதை மாமனுக்குச் சந்தோஷமாக மொழிபெயர்த்தான்.

அப்புறம் இரண்டு பேருமாகப் பழைய காகிதங்களை எடுத்து, வேதபுரி எழுதிய ஒவ்வொரு நேரத்திலிருந்தும் அந்த ஒரு வெற்றிலை நேரத்தைக் கழித்துக்கொண்டே வந்தார்கள். அத்தனை நாள் வேலையும் வீணாகவில்லை. வரிக்கு வரி ஜோடி சேர்ந்தது. இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும் ஒரே சாரல்தான் விழுந்திருந்தது. கரும்புத் தோட்டம் முழுவதும் அதில் நனைந்திருந்தது. லூனேல் துரை வரப்பில் நின்று இரண்டு கையையும் விரித்து, அந்த அகலத்தைக் காட்டிக் காட்டிப் பேசினார்.

“இன்னாடா சொல்றாரு?”

“பெட்டி பாகூருக்குப் போவலியாம் மாமா.”

“அது சரி. என் நெலத்துல நல்ல மழதான்னு சொல்லச் சொல்லு.”

வைகாசியில் ரெட்டியார்பாளையத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பந்தலில் கல்யாணம். ஆறு மணிக்கு முகூர்த்தம். லூனேல் துரை நாற்காலியில் உட்கார்ந்து கழுத்து மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார். சங்கு ஊதியது. “கெட்டிமேளம்!” என்றார் ஐயர். நாயனக்காரர் கன்னத்தை உப்பினார். வேதபுரி தாலியை எடுத்தான்.

“நிறுத்து!” என்று ஒரு குரல். சுப்பராயலு கடிகாரத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அதை முந்தின நாள் தன் வீட்டில் வைத்து முள் திருத்தியிருந்தார். “பொண்ணு வில்லியனூர்ப் பொண்ணு. வில்லியனூருக்கு இன்னும் ஆறு ஆவல.”

பந்தல் திகைத்தது. நாயனக்காரர் உப்பிய கன்னத்தோடு நின்றார். ஐயர் வேதபுரியைப் பார்த்தார். வேதபுரி லூனேல் துரையைப் பார்த்தான். அவருக்கு எப்படியோ புரிந்துவிட்டது. மாலை குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். வேதபுரி தாலியைப் பிடித்தபடியே நின்றான்.

குனிந்த தலை நிமிராமல் தனக்கொடி கிசுகிசுத்தாள். “கட்டுங்க. நைனா கடியாரத்துக்குச் சங்கு இன்னும் நடந்துக்கினு இருக்குது.”

கட்டிவிட்டான். மூன்று முடிச்சும் விழுந்த பிறகு, கடிகாரத்தைப் பார்த்தபடி சுப்பராயலு கையைக் கீழே இறக்கினார். “ஆங், இப்ப அடி!”

மேளம் முழங்கியது. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தவர், பெண்ணின் கழுத்தில் தாலி ஏற்கெனவே இருப்பதைக் கண்டார். மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து நிதானமாக மடிக்க ஆரம்பித்தார்.